பூட்டிய பெட்டியும் ஓர் அட்டைத் தாளும்

1665-ல் லண்டனில் ராபர்ட் ஹூக் என்பவர் 'மைக்ரோகிராஃபியா' என்றொரு புத்தகம் போட்டார். தெள்ளுப்பூச்சியை ஒரு முழத்துக்கு விரித்து வரைந்த படம் ஊரையே அசத்தியதால், அதன் முன்னுரையில் அவர் போகிறபோக்கில் எழுதி வைத்த ஒரு செய்முறையை அதிகம் பேர் கவனிக்கவில்லை. நல்ல வெனிஸ் கண்ணாடித் துண்டை விளக்குச் சுடரில் உருக்கி நூலாக இழுக்க வேண்டும். அந்த நூலின் நுனியை மறுபடி சுடரில் காட்டினால் அது உருகித் தானாகவே உருண்டுகொள்ளும். கடுகைவிடச் சிறிய அந்த உருண்டையே ஒரு லென்ஸ். பெரிய கருவிகளைவிட இதில் உருவம் தெளிவாகத் தெரிகிறது என்று ஹூக்கே ஒப்புக்கொண்டார். ஆனால் கண்ணை ஒட்டினாற்போல் வைத்துப் பார்க்க வேண்டியிருந்ததால் கண் வலித்தது. வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். அவர் ஒதுக்கியதை எடுத்துக்கொள்ள, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜவுளி வியாபாரி இருந்தார்.

ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊர்க்காரரான ஆன்டனி வான் லூவன்ஹூக் கல்லூரிப் பக்கம் போகாதவர், லத்தீன் தெரியாதவர். இரண்டு சிறு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரே ஒரு லென்ஸைப் பதித்து, ஒரு ஊசியில் பொருளைக் குத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். 1674-ல் ஏரித் தண்ணீர்த் துளியில் உயிர்கள் நீந்துவதைக் கண்டார். கடிதம் எழுதினால் லண்டன் ராயல் சொசைட்டியில் நம்ப ஆளில்லை. 1677-ல் ஒருவர் அதே சோதனையைச் செய்து காட்டி, அந்த ஜவுளிக்காரர் சொல்வது நிஜம் என்று சான்று சொன்னார். அவர் வேறு யாருமில்லை, ஹூக்தான். ஆனாலும் தன் லென்ஸை எப்படிச் செய்தேன் என்று லூவன்ஹூக் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. 1723-ல், 90 வயதில், ரகசியத்தோடு போய்ச் சேர்ந்தார். (2021-ல் டெல்ஃப்ட் விஞ்ஞானிகள் நியூட்ரான் கதிரைச் செலுத்தி, அவருடைய மிகச் சக்திவாய்ந்த கருவியைப் பிரிக்காமலே உள்ளே பார்த்தார்கள். இருந்தது ஹூக் சொன்ன அதே உருகிய உருண்டை!) லூவன்ஹூக்கோடு ஒற்றை உருண்டைக் கருவியும் மெல்லப் பின்னுக்குப் போயிற்று. அதன் இடத்தில் பித்தளைக் குழாய், இரண்டு மூன்று லென்ஸ், பற்சக்கரம், திருகு என்று ஒரு கனமான சாதனம் வந்து உட்கார்ந்தது. அதற்கு ஒரு மரப்பெட்டியும், பெட்டிக்கு ஒரு பூட்டும் கூடவே வந்தன.

அப்படி ஒரு பித்தளைக் கருவியோடுதான் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்க்கிற வேலை. விசிறி போட்டால் அறுத்த கொசு பறந்துவிடும் என்பதால் பங்கா இழுக்கிறவரையும் நிறுத்திவிட்டார். நெற்றி வியர்வை வடிந்து திருகுகள் துருப்பிடித்தன. மிச்சமிருந்த ஒரே கண்வில்லையிலும் விரிசல். சில மாதங்களுக்கு முன்தான் விடுப்பில் ஊட்டிக்குப் போனவர், சீகூர் மலைச்சரிவில் மலேரியாவைத் தேடப் போய்த் தானே காய்ச்சலை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார். ஆகஸ்ட் 20-ஆம் தேதி, அந்த விரிசல் கண்ணாடி வழியாகவே, கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் உருண்டைகளைப் பார்த்துவிட்டார். 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒருவருக்கு மலேரியா இருக்கிறதா என்று பார்க்க அவர் ரத்தத்தையும் நுண்ணோக்கியையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் போதும். கேட்க எளிமையாக இருக்கிற இந்த ஒரு காரியம்தான் அடுத்த நூறு வருடம் பாடாய்ப் படுத்தியது.

ராஸ் காய்ச்சல் வாங்கிய நீலகிரிக் காடு கிழக்கே சத்தியமங்கலம் வழியாக மாதேஸ்வரன் மலை வரை நீள்கிறது. கொள்ளேகாலிலிருந்து மலைக்கோயிலுக்குப் போகிற பாதையில், ஹனூரைத் தாண்டினால் கௌதள்ளி.   1958-ல் தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியதும் நாடு முழுவதும் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். காய்ச்சல்காரரின் விரலில் குத்தி, கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தடவி, காய வைத்து, காகிதத்தில் சுற்றி, நுண்ணோக்கி இருக்கிற ஊருக்கு அனுப்ப வேண்டும். கௌதள்ளி மாதிரி காட்டோரத்து ஊர்களிலிருந்து சில்லு பஸ் ஏறிப் போய், பார்க்கப்பட்டு, முடிவு திரும்பி வருவதற்குள் காய்ச்சல் தானாகவே இறங்கியிருக்கும், அல்லது ஆளையே இறக்கியிருக்கும். ரத்தம் நுண்ணோக்கியைத் தேடிப் போயிற்று. நுண்ணோக்கி ரத்தத்தைத் தேடி வரவில்லை. அது வருவதற்கான வழி, மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விளையாட்டில் ஒளிந்திருந்தது.

ஜப்பானில் குழந்தைகள் காகிதத்தில் கொக்கு மடிப்பார்கள். ஒரிகாமி என்று அந்தக் கலைக்குப் பெயர். 1970-ல் டோக்கியோவில் விண்வெளிப் பொறியாளர் கோர்யோ மியுரா, ஒரு தாளை இணைகரம் இணைகரமாக மடித்தால் இரண்டு முனைகளைப் பிடித்து இழுத்த மாத்திரத்தில் முழுத்தாளும் விரியும் என்று காட்டினார். 1995-ல் அந்த மடிப்பின் அடிப்படையில் செய்த சூரியத் தகடு, ஜப்பானிய விண்கலம் ஒன்றில் ஏறி ஆகாயத்தில் விரிந்தது. கொக்கு மடிக்கிற கை விண்வெளிக்கும் உதவும் என்று தெரிந்ததும் கணக்கு வாத்தியார்களுக்கு ஆசை பிறந்தது. அமெரிக்காவில் ராபர்ட் லாங் என்ற லேசர் இயற்பியலாளர் எந்தப் பிராணியின் உருவத்தையும் மடிப்புக் கோடுகளாக மாற்றித் தருகிற கணினி நிரல் எழுதினார். கோடுகள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது, கையால் கீறுவதை விட்டு லேசர் கதிரால் தாளில் மெல்லக் கோடிழுத்தார். 2001-ல் நல்ல வேலையை உதறிவிட்டு முழுநேர ஒரிகாமிக்காரராகவே ஆகிவிட்டார். மடிப்பும் இயந்திரமும் கைகோத்தாயிற்று. ஆனால் அதுவரை அதில் பிறந்தவை பெரும்பாலும் வண்டும் மானும்தான்.

அதே காலத்தில் பாஸ்டன் பக்கத்தில் எம்.ஐ.டி.யில் இன்னொரு கூத்து. 1998-ல் நீல் கெர்ஷன்ஃபெல்ட் என்ற பேராசிரியர், ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி என்ற தலைப்பில் ஒரு வகுப்பு தொடங்கினார். லேசர் வெட்டு இயந்திரம், கணினி சொன்னபடி குடைகிற இயந்திரம், இவற்றை இயக்கப் பொறியியல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார். அறை கொள்ளாத கூட்டம் வந்தது. பலர் தொழில்நுட்பம் படிக்காதவர்கள். கணினியில் வரைந்தால் போதும், பொருள் கைக்கு வரும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இப்படி ஒரு பட்டறையை ஊரூராக வைத்தால் என்ன என்று ஃபேப் லேப் பிறந்தது. எம்.ஐ.டி.க்கு வெளியே முதல் ஃபேப் லேப் 2002-ல் திறந்தது லண்டனிலோ பாரிஸிலோ இல்லை. புனே மாவட்டத்தில் பாபல் என்ற வறண்ட கிராமத்தில். அங்கே ஸ்ரீநாத் கல்பாக் நடத்திவந்த விஞ்ஞான ஆசிரமத்தில், பள்ளியில் தோற்றுப்போன பிள்ளைகள் செய்து கற்றுக்கொண்டிருந்தார்கள். அதே 2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணினிப் பட்டம் வாங்கிய ஓர் இளைஞர் விமானம் ஏறி, நேராகக் கெர்ஷன்ஃபெல்ட்டின் பட்டறைக்கே போய்ச் சேர்ந்தார்.

மனு பிரகாஷ். மீரட்டில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது சகோதரரின் மூக்குக்கண்ணாடி லென்ஸை வைத்து நுண்ணோக்கி செய்ய முயன்று தோற்றவர். தோற்காமல் என்ன செய்யும்? மூக்குக்கண்ணாடியின் வளைவுக்கு எறும்பைக்கூடப் பெரிதாக்கிக் காட்டத் தெம்பு போதாது. எம்.ஐ.டி.யில் அவர் செய்ததும் கொஞ்சம் கிறுக்கு வேலைதான்: மின்சாரத்துக்குப் பதில் நுண்குழாயில் ஓடும் நீர்க்குமிழிகளால் கணக்குப் போடுகிற கருவி. 2007-ல் குருவும் சீடருமாக அதை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 2011-ல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வுக்கூடம் அமைந்தது. அதே ஆண்டு தாய்லாந்துக்கு ஒரு பயணம்.

நகரத்தைவிட்டுத் தள்ளியிருந்த ஒரு மருத்துவ நிலையத்தில் அருமையான நுண்ணோக்கி ஒன்றை மனு பிரகாஷ் பார்த்தார். யாரோ புண்ணியவான் கொடுத்தது. விலையைக் கேட்டால் அங்கே வேலை பார்க்கிறவர்களின் ஆண்டுச் சம்பளமெல்லாம் எந்த மூலைக்கு! அதனால் ஒருவரும் தொடுவதில்லை. உடைந்தால் யார் கட்டுவது? கருவி இல்லாததால் நோய் தெரியாமல் போவது பழைய கதை. இங்கே கருவி இருந்தும், அது ரொம்ப உசத்தியாக இருப்பதாலேயே பயன்படாமல் நின்றது. நல்ல நுண்ணோக்கி தேவையில்லை, உடைந்தால் கவலைப்படத் தேவையில்லாத நுண்ணோக்கிதான் தேவை என்று அவருக்குத் தோன்றியது. விலை ஒரு டாலருக்குள் இருக்க வேண்டும். ஒரு டாலருக்குள் பித்தளையும் கிடையாது, பற்சக்கரமும் கிடையாது. பின் எதில் செய்வது?

ஜிம் சைபுல்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் சேர்ந்துகொண்டார். லென்ஸ் விஷயம் சுலபமாகத் தீர்ந்தது: ஹூக்கின் உருண்டையேதான். மெருகேற்றும் தொழிற்சாலைகள் கண்ணாடி உருண்டைகளைச் சில்லறைக் காசுக்கு உருட்டித் தள்ளுகின்றன. 2.4 மில்லிமீட்டர் கண்ணாடி உருண்டை 140 மடங்கு பெருக்கும். உருண்டை சிறுக்கச் சிறுக்கப் பெருக்கம் கூடும், 0.2 மில்லிமீட்டர் நீலக்கல் உருண்டை 2,000 மடங்கைத் தாண்டும். ஆனால் சங்கடமும் அங்கேதான். 2.4 மில்லிமீட்டர் உருண்டைக்கும் பார்க்கிற பொருளுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. நீலக்கல் உருண்டைக்கோ தலைமுடியின் பருமன்கூட இடைவெளி கிடையாது. விளக்கு, பொருள், லென்ஸ், கண் நான்கும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் தெரிவது மங்கல். ஜெர்மன் கம்பெனிகள் கடைசல் இயந்திரத்தில் பித்தளையைக் கடைந்து சாதிக்கிற துல்லியம் இது. அதை ஒரு கடைக்கோடிப் பள்ளிப் பிள்ளையின் விரல்கள் எப்படிச் சாதிக்கும்?

சாதித்தது மடிப்பு. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏ4 அளவு கெட்டி அட்டை. கணினியில் வரைந்த படத்தின்படி லேசர் கதிர் அதில் ஓடுகிறது. சில இடங்களில் முழுதாக வெட்டுகிறது. மடிய வேண்டிய இடங்களில் புள்ளி புள்ளியாகத் துளைத்துக்கொண்டே போகிறது. விளக்குக்கு ஒரு துளை, லென்ஸுக்கு ஒரு துளை. எந்தத் துளை எந்தத் துளைக்கு எதிரே வர வேண்டும் என்பது வரைபடத்திலேயே முடிவாகிவிட்டது. மடிக்கிறவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு மடிப்பு லேசாகக் கோணினால் அடுத்த காது அடுத்த பிளவுக்குள் நுழையாது. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டுவிட்டது என்றால் எல்லாம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். அங்கங்கே மயிரிழை பிசகினாலும் சுற்றி வளைத்து மூடுகிற மடிப்புகள் அந்தப் பிசகுகளைத் தமக்குள் பங்கிட்டு ஆற்றிவிடும். திருகுக்கு வேலை இல்லை. இரண்டு கட்டைவிரல்களால் அட்டைப் பட்டையைத் தள்ளினால் பொருள் நகரும். பட்டையை இறுக்கித் தளர்த்தினால் அட்டை லேசாக வளைந்து உருவம் தெளிகிறது. அட்டை வளைகிறதே என்று மற்றவர்கள் குறை சொல்லுமிடத்தில் இவர்கள் அந்த வளைவையே திருகாக வைத்துக்கொண்டார்கள். எதை எதோடு சேர்ப்பது என்பதற்கு நிறம் காட்டினார்கள். அந்த நிறத்தைப் படிக்கத் தமிழோ கன்னடமோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் மடித்துவிடலாம்.

2012-ல் மனு பிரகாஷ் டெட் சொற்பொழிவு மேடையில் ஏறி, எல்லார் கண்முன்னும் ஒரு தட்டைத் தாளை மடித்து முடித்தார். அந்த ஆண்டு நவம்பரில் கேட்ஸ் அறக்கட்டளையின் 1,00,000 டாலர் வந்தது. 2014 ஜூனில் சைபுல்ஸ்கி, ஜேம்ஸ் கிளெமென்ட்ஸ், மனு பிரகாஷ் மூவரும் எழுதிய கட்டுரை 'ப்ளாஸ் ஒன்' இதழில் வெளியானது. கருவியின் எடை 8.8 கிராம். சட்டைப்பையில் அடங்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியதைக்கூடப் பிரித்துக் காட்டும். மூன்று மாடிக் கட்டடத்திலிருந்து போட்டார்கள், காலால் மிதித்தார்கள்; ஒன்றும் ஆகவில்லை. பாகங்களின் செலவு ஒரு டாலருக்கும் கீழே. ஃபோல்ட்ஸ்கோப் என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று அறிவியல் மன்றங்களிலும் பள்ளி விழாக்களிலும் பிள்ளைகள் கண்ணில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடிக்கிற அந்த அட்டை இதுதான். மலேரியா இனிமேல் ஒழிந்தமாதிரிதான் என்று பத்திரிகைகள் எழுதின. அவை கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டன.

அடுத்த ஆண்டே கானாவில் நடந்த ஒரு பரீட்சையின் முடிவு வெளியானது. செல்போனோடு இணைத்த ஃபோல்ட்ஸ்கோப்பில், நத்தைக் காய்ச்சல் எனும் ஒட்டுண்ணி நோயின் முட்டைகளைச் சிறுநீரில் தேடியிருந்தார்கள். நோய் உள்ளவர்கள் நூறு பேரில் ஏறக்குறைய 56 பேரைத்தான் அது கண்டுபிடித்தது. மருத்துவருக்கு இது போதாது. விட்டுப்போன 44 பேருக்கு யார் பதில் சொல்வது? மலேரியாக் கிருமியோ அந்த முட்டையைவிடப் பல மடங்கு சிறியது. சாயம் போட்டு, ஆயிரம் மடங்கு பெருக்கி, கண் பழகியவர் பார்த்தால்தான் பிடிபடும். எந்த வேலைக்கென்று பிறந்ததோ அந்த வேலையில் ஃபோல்ட்ஸ்கோப் சறுக்கியது. வேறு கருவியாக இருந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும்.

இதற்குள் ஒரு காரியம் நடந்து போயிருந்தது. யாருக்கு வேண்டுமோ எழுதுங்கள், இலவசமாக அனுப்புகிறோம், என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று 2014-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஓர் அறிவிப்பு போயிருந்தது. பத்தாயிரம் என்று நினைத்துத் தொடங்கினார்கள். கேட்டவர்களின் வரிசை நீண்டு, 130-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு 50,000 அட்டைகள் போயின. மருத்துவர்களைவிட மற்றவர்களே அதிகம் எழுதினார்கள்: ஆசிரியர்கள், தேனீ வளர்க்கிறவர்கள், விவசாயிகள், சும்மா இருக்க முடியாத பிள்ளைகள். மகரந்தம், கொசுப்புழு, தயிர், வெங்காயத் தோல், குளத்துப் பாசி என்று என்னென்னவோ படங்கள் வந்து குவிந்தன. உருவாக்கியவர்கள் நோயாளியை நினைத்துச் செய்ததை, ஊர்ப் பிள்ளைகள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். என்ன செய்வது? அட்டையைப் பெருவாரியாக அச்சடிக்க ஒரு கம்பெனிதான் தொடங்க வேண்டியிருந்தது.

2016 இறுதியில் பொதுமக்களிடம் 50,000 டாலர் கேட்டார்கள். பல மடங்கு கிடைத்தது. தண்ணீர் பட்டாலும் ஊறாத, இழுத்தாலும் கிழியாத செயற்கைத் தாளுக்கு மாறினார்கள். செல்போனில் ஒட்டிக்கொள்ளக் காந்தமும் வைத்தார்கள். அதே ஆண்டு மனு பிரகாஷுக்கு மக்ஆர்தர் விருது கிடைத்தது. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஸ்டான்ஃபோர்டோடு ஒப்பந்தம் போட்டு, பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஃபோல்ட்ஸ்கோப் வாங்க நிதி கொடுத்தது. வடகிழக்கு மாநிலங்களுக்குத் தனி அக்கறை காட்டியது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்தும் வயல் மண்ணும் பூஞ்சையும் படமாகிப் போயின. எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியாயிற்று.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு டாலர் நுண்ணோக்கி என்று பரவிய பெயர் பாதிதான் உண்மை. அது பாகங்களின் செலவு. அதுவும் மொத்தமாகச் செய்தால். தபாலும் வரியும் லாபமும் சேர்ந்து கடைக்கு வரும்போது, துணைக்கருவிகளோடு கூடிய தனிப்பெட்டியின் விலை நம் ஊர்க் கூலிக்காரர் யோசிக்காமல் கொடுக்கிற விலை இல்லை. மொத்தமாக வாங்குகிற பள்ளிக்கே கட்டுப்படியாகும். இந்தியச் சுகாதார நிலையங்களில் மலேரியாவை இன்றைக்கும் பழைய மேசை நுண்ணோக்கியும், சில நிமிடத்தில் முடிவு சொல்லும் சோதனைப் பட்டையும்தான் கண்டுபிடிக்கின்றன. ஃபோல்ட்ஸ்கோப் போய்ச் சேர்ந்த இடம் பள்ளிக்கூடம்.